அம்மா எழுந்து போகாத திருவிருந்து

கிறிஸ்தவச் சபையில் ஒருவரை, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்திலிருந்து விலக்கி வைக்க வேண்டுமென்றால் முதலில் அவரை முறையாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். காரணத்தையும் காலத்தையும் எழுத்தில் தர வேண்டும். அவர் மனு கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். காலம் முடிந்ததும், விலக்கியதை எப்படிச் சபையார் முன் அறிவித்தார்களோ அப்படியே நீக்கியதையும் அறிவிக்க வேண்டும். விதி இவ்வளவுதான். அதன் எண்ணையும் சொல்லியிருப்பேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் புத்தகத்தைத் தேடி எடுத்து என்னைத் திருத்தக் கிளம்பிவிடுவீர்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர்களின் பொழுதுபோக்கு எனக்குத் தெரியாததா?

நான் வருவாய்த் துறையில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். விதியை மீறுகிறவர்களால் எனக்குப் பெரிய தொல்லை வந்ததில்லை. விதி ஒன்று இருப்பதே தெரியாமல், நல்லெண்ணத்தோடு வேலை பார்க்கிறவர்கள்தான் கோப்பைக் கெடுப்பார்கள். என் அம்மா விஷயத்தில் நடந்ததும் அதுதான். மேலே சொன்னவற்றில் அறிவிப்பு மட்டும் நடந்தது, அதுவும் பாதி. விலக்கியதை அறிவித்தார்கள். நீக்கியதை அறிவிக்கவில்லை. அறிவிக்கும் வரை திருவிருந்துக்கு எழுந்து போக மாட்டேன் என்று அம்மா உட்கார்ந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்குப் பேத்தி பிறந்த பிறகும் அம்மா உட்கார்ந்துதான் இருந்தாள்.

அப்போது நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சபைக் குருவை எங்கள் பக்கம் ஐயர் என்போம், தேவாலயத்தைக் கோயில் என்போம். பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் தாளாளர்; அதனால் அப்பா ஞாயிற்றுக்கிழமையும் வேலைநாள் முகத்தோடுதான் கோயிலுக்கு வருவார். அம்மா மகாராஜபுரத்துக்காரி. நாற்று நடும்போது பாடிப் பழகிய குரல். கீர்த்தனையில் மற்றவர்கள் மூச்சு வாங்குகிற இடத்தில் அவள் மட்டும் நிறுத்தாமல் போவாள். ஆர்மோனியக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்கு முந்தின நாள் மேசை விரிப்பு எங்கள் வீட்டுக்கு வரும். அதைத் துவைத்து, சோற்றுக் கஞ்சியில் முக்கி, கொடியில் பாதி காய்ந்ததும் எடுத்துத் தேய்ப்பது அம்மாவின் வேலை. சிரட்டைக் கரி போட்ட பித்தளை இஸ்திரிப் பெட்டி. அதை முன்னும் பின்னும் வீசிக் கங்குகளைச் சிவக்க வைப்பாள். சூடு பட்டதும் துணியிலிருந்து ஒரு வாசனை எழும்பும். கொஞ்சம் சோறு மாதிரி, கொஞ்சம் வெயில் மாதிரி. விரிப்பின் ஓரம் குரோஷா ஊசியில் அவளே பின்னியது. மறுமுனையைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிப்பது நான். “ஏட்டி, கையைக் கழுவினியா?” என்று கேட்பாள். கழுவினேன் என்றாலும் முகர்ந்து பார்ப்பாள். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு சனிக்கிழமை வாசனை இருந்திருக்கும். எனக்கு இது. இப்போது எந்தக் கடையில் எதைத் தேய்க்கக் கொடுத்தாலும் அந்த வாசனை வருவதில்லை. பெட்டியும் போன இடம் தெரியவில்லை.

எதிர்வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரி என் அம்மாவை வதினா என்பாள்; தெலுங்கில் அண்ணி. அம்மா பதிலுக்கு அதையே எங்கள் பேச்சில் மைனி என்பாள். ஆகவே எனக்கு அவள் அத்தை. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லையென்றால் எங்கள் ஐயரைக் கூப்பிட்டு ஜெபிக்கச் சொல்வார்கள். அவர் ஆமென் சொல்லி முடித்ததும் பிள்ளைக்குத் துளசித் தண்ணீர் கொடுப்பார்கள். யாரும் யாரிடமும் விளக்கம் கேட்டதில்லை.

ஆடியில் தேர். தேர் நாளில் சபையார் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது எழுதாத ஏற்பாடு. எல்லோரும் கதவை ஒழுங்காகச் சாத்துவார்கள். சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். ஜன்னலைப் பற்றி ஏற்பாட்டில் ஒன்றும் இல்லை.

எங்கள் ஜன்னலிலிருந்து சந்து முனை தெரியும். அந்த வருடம் தேர் அங்கே வந்து செத்த நேரம் நின்றது. வடம் பிடித்திருந்த பெண்களில் அத்தையும் இருந்தாள். நின்ற தேர் மறுபடி கிளம்பும்போது வடம் திடீரென்று விறைக்கும். கவனமில்லாதவர்களைத் தூக்கிப் போட்டுவிடும். அத்தை விழுந்தாள். பின்னால் வந்த கூட்டம் அதைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் நின்ற அம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். ஒரு கையால் வடத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அத்தையைத் தூக்கி நிறுத்தினாள். அத்தைக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அதோடு அம்மா வடத்தை விட்டிருக்கலாம். விடவில்லை. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சந்து முனையிலிருந்து பால்கோவா கிண்டுகிற வீடு வரைக்கும் இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டே போனாள். திரும்பி வந்தபோது உள்ளங்கை நார் உரசிச் சிவந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியாட்டி? நகருது!” என்றாள், தான் ஒருத்தியே நகர்த்தியது போல.

விசாரணை அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நடந்தது. அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஐயர் வந்தார், அவர் பின்னால் கமிட்டிக்காரர்கள்.

“அம்மா, நீங்க தேர் வடத்தைப் பிடிச்சதாச் சொல்லுதாங்க.”

“பிடிச்சேன்யா. எதுத்த வீட்டு மைனி விழுந்துட்டாவ. தூக்கணும்ல.”

ஐயர் முகம் தெளிந்தது. “அப்படிச் சொல்லுங்க. ஒரு உயிரைக் காப்பாத்தப் பிடிச்சீங்க. அம்புட்டுத்தானே?”

“அதுக்குத்தான் பிடிச்சேன். பொறவு கொஞ்ச தூரம் இழுத்தேன்.”

“இழுத்தீங்களா? எதுக்கும்மா?”

அம்மா உண்மையாகவே யோசித்தாள். “நல்லா இருந்துச்சுய்யா. அம்புட்டுப் பேரும் ஒண்ணா இழுக்காவ. எம்புட்டுப் பெரிய தேரு, அது அசையுது. கையை எடுக்க மனசு வரல.”

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் ஐயர் இதை அங்கேயே விட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அதிகாரத்தில் இருக்கிறவரிடம் உண்மையைச் சொல்லலாம். பத்துப் பேர் சிரிக்கும்படி சொன்னால் அவர் ஏதாவது செய்தே ஆக வேண்டியதாகிவிடும்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு வாசித்தார். அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர், விக்கிரக ஆராதனையில் பங்கெடுத்த காரணத்தால், மறு அறிவிப்பு வரும் வரை. கடைசி நான்கு சொற்களை அலுவலகத்தில் நானும் நிறைய எழுதியிருக்கிறேன். அதற்குக் காலம் தெரியவில்லை, தெரிந்துகொள்ள உத்தேசமும் இல்லை என்று பொருள்.

முதல் திருவிருந்து வந்தது. எல்லோரும் எழுந்து வரிசையாகப் போய்ப் பீடத்தின் முன் முழங்காலில் நின்றார்கள். தலையில் முக்காடு போட்ட பெண்களின் முதுகு தெரிந்தது. கிண்ணத்தைத் துடைக்கிற துணியின் வெள்ளை தெரிந்தது. எங்கள் பக்கப் பெஞ்சுகளில், திடப்படுத்தல் ஆகித் திருவிருந்துக்குத் தகுதி பெறாத பிள்ளைகள் மட்டும் மிச்சம். பிள்ளைகளுக்கு நடுவில் அம்மா. உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு மாதமும் அந்த நேரத்தில் அம்மா என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவாள். இந்த முறை போகவில்லை. அவள் மேல் சாய்ந்துகொண்டேன். அவள் தோள் மெல்ல அதிர்ந்தது. பாடுகிறாள் என்று நினைத்தேன்.

மேசை விரிப்பு எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. வேறொரு வீட்டில் தேய்த்தார்கள். மடிப்பு கோணலாக இருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொள்வாள்.

ஓய்வுநாள் பள்ளியில் எனக்குப் புதுப் பெயர் கிடைத்தது. தேரிழுத்தா மக. “ஏட்டி, அடுத்த வருசம் உங்கம்மா மேலேயே ஏறிக்கிடுவாவளோ?” என்று ஒருத்தி கேட்டாள். நான் வீட்டுக்கு வந்து அழுதது அத்தை காதில் விழுந்தது. அவளுக்கு அதுவரை விஷயமே தெரியாது, அம்மா சொல்லவில்லை. மறுநாள் அத்தை தலை நிறையப் பூவோடு, ஐயர் வீடு எதுவென்று காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். காம்பவுண்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

“சாமி, விழுந்தது நான். நடவடிக்கை எடுக்கதா இருந்தா எம்மேல எடுங்க.”

“உங்க மேல நான் எப்படிம்மா எடுக்க முடியும்? நீங்க எங்க சபையிலயே இல்லையே.”

“அப்ப முதல்ல என்னையச் சேத்துக்கிடுங்க. சேத்துட்டுத் தள்ளி வையுங்க.”

ஐயர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு முகம் வாடிப்போய், “எனக்கும் மேல ஆளு இருக்காங்கம்மா. கமிட்டி இருக்கு. செத்த நாள் பொறுங்க, சரியாயிரும்” என்றார். அன்று அவர் எனக்குப் பெரிய மனிதர். அவருடைய அன்றைய வயதை இப்போது கணக்குப் பார்த்தால் என் மகனை விடச் சின்னவர். கமிட்டியைக் கண்டு பயந்த ஒரு பையன்.

அப்பா பயந்தது வேறு விதமாக. நேரில் போய்ப் பேசினால் வேலைக்கு ஆபத்து என்று மேலிடத்துக்கு மனு எழுதினார். அழகான கையெழுத்து. விழுந்த பெண்ணைக் காப்பாற்றவே என் மனைவி வடத்தைப் பிடிக்க நேர்ந்தது என்று எழுதி, கையெழுத்துப் போட அம்மாவிடம் நீட்டினார். அம்மா எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தாள்.

“இதுல இழுத்தது இல்லையே?”

“அது வேண்டாம். அதை எழுதினா காரியம் கெட்டுப்போகும்.”

“கேட்டதுக்கு ஆமான்னு சொல்லியிருக்கேன். இப்ப இல்லைன்னு கையெழுத்துப் போடவா?”

“இல்லைன்னு எங்க எழுதியிருக்கு? எழுதாம விட்டிருக்கு.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“உனக்குத் திருவிருந்து வேணுமா, வேண்டாமா?”

“வேணும். அதனாலதான் போட மாட்டேங்கேன்.”

அப்பா கையெழுத்து இல்லாமலே மனுவை அனுப்பினார். அங்கேதான் தவறு. விலக்கப்பட்டவர் கையெழுத்துப் போடாத மனுவை ஏற்கவும் முடியாது, நிராகரிக்கவும் முடியாது. எடுத்து வேறொன்றின் அடியில் வைப்பார்கள். அப்பாவுக்கு அது தெரியாது. தபால்காரர் சந்துக்குள் திரும்பும்போதெல்லாம் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவார். கிறிஸ்துமஸ் வந்தது, அம்மா முந்திரிக்கொத்து சுட்டு வழக்கம்போல எதிர்வீட்டுக்கு முதல் தட்டை அனுப்பினாள், கோயிலில் உட்கார்ந்தே இருந்தாள். தவக்காலத்துக்கு முன் ஐயருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. கமிட்டியும் மாறியிருந்தது. “என்னம்மா, ஏன் வரல? வாங்க” என்றார். அம்மா விஷயத்தைச் சொன்னாள். “அதெல்லாம் பழைய கதை” என்று சிரித்தார்.

“அப்ப அறிவிச்சிருங்கய்யா.”

“எதுக்கும்மா, மறந்ததைக் கிளறிக்கிட்டு?”

“அவிய எம்பேரைச் சொல்லி வாசிச்சாவ. எல்லாரும் கேட்டாவ. எடுத்துட்டோம்னும் எல்லாரும் கேக்கணும்ல.”

நல்ல மனிதர். கிளறாமலே விட்டுவிட்டார்.

அடுத்த பள்ளி ஆண்டில் அப்பாவை ராஜபாளையத்துக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் அரைமணி தூரம். புது ஊர், புதுச் சபை. எங்களை அங்கே யாருக்கும் தெரியாது. கோயில் மணி அடிக்க ஆரம்பிக்கும்போதே மில் சங்கு ஊதி அதை விழுங்கிவிடும். ராத்திரி ஷிப்டு முடித்தவர்கள் தலையில் பஞ்சோடு வந்து கடைசிப் பெஞ்சில் தூங்குவார்கள். முதல் திருவிருந்தன்று அப்பா தணிந்த குரலில் சொன்னார்: “இங்க யாருக்கும் தெரியாது. எந்திரி.” அறிவிப்பு பஸ் ஏறி வரவில்லை என்பது அவர் வாதம். அம்மா அதைக் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

எனக்குத் திடப்படுத்தல் ஆன வருடம். வெள்ளைத் தாவணி. முதல் தடவை எழுந்து போகிறேன். பெஞ்சின் உள்பக்கம் நான், வெளிப்பக்கம் அம்மா. அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். நாக்கில் அப்பம் கரைவதற்குள் திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்தேன். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள், ஏதோ நான் தூர ஊருக்குப் போய்விட்டு வந்தது போல.

நான் பெரிய பக்திக்காரி இல்லை. கிறிஸ்துமஸுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் தவறாமல் போவேன். மற்ற ஞாயிறுகளில் காரணம் கண்டுபிடிப்பதில் துறை அனுபவம் உண்டு. இருந்தாலும் உங்களைக் கேட்கிறேன்: கிடைக்காமல் போனால் தோள் அதிரும்படி நமக்கு இப்போது என்ன இருக்கிறது? எங்கள் கோயிலில் ஏசி வந்துவிட்டது. பாட்டுப் புத்தகத்துக்குப் பதில் திரை. ஒரே கிண்ணம் போய், திராட்சரசம் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகளில் வருகிறது. வரிசையில் யார் நின்றாலும் கொடுக்கிறார்கள்; நிற்கத்தான் ஆள் குறைவு. பெங்களூரில் இருக்கும் என் மகன் மனசு சுத்தமாக இருந்தால் போதும் என்கிறான். அவன் மகள் ஆராதனையைப் போனில் போட்டுவிட்டுத் தோசை சாப்பிடுகிறாள். வெளியிலும் மாறித்தான் இருக்கிறது. ஜெபிக்கக் கூப்பிட்ட தெருக்களில், வாடகைக்கு வீடு கேட்டால், கூட்டம் போட்டுப் பாடுவீங்களா என்று முதலில் விசாரிக்கிறார்கள். யார் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பதே புரியவில்லை.

அப்பா போய்விட்டார். அத்தையும் போய்விட்டாள். அம்மா ராஜபாளையத்தில் என்னோடு இருந்தாள். போன ஆடியில் ஊருக்கு வந்திருந்த என் பேத்தி ஒரு படத்தைப் போனில் அம்மாவிடம் காட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபை வாலிபர்கள் தேர் நாளில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருக்கிறார்கள், ஒரே நிறச் சட்டையில். அவர்களில் ஒரு பையன் வடத்தைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். கீழே அந்தச் சபைக் குருவே பெருவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறார்.

அம்மா நெடுநேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இழுக்கான்” என்றாள். பிறகு என்னிடம், “இவனுக்கு அறிவிப்பு வாசிச்சாவளா?”

“இப்ப அதெல்லாம் யாரும் பாக்குறதில்லைம்மா.”

“அப்ப எனக்கு மட்டும் எதுக்கு வாசிச்சாவ?” கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஊருக்கெல்லாம் எம்புட்டு மனு பாத்திருக்க. எனக்கு ஒண்ணு எழுதேன்” என்றாள். அவளுக்கு இடுப்பு விழுந்து, கட்டிலை விட்டு இறங்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்த சமயம். காத்திருக்க அவளுக்கு அதிக நாள் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ராஜபாளையத்து ஐயர் இளைஞர், தங்கமான பிள்ளை. விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார், அப்பமும் ரசமும் வைத்த சின்னப் பெட்டியோடு. “ஆச்சி, நான் இப்பவே குடுத்துர்றேன். கடவுள் கணக்குல இதெல்லாம் இல்லவே இல்லை. யாரும் பாக்கப் போறதும் இல்லை.”

“யாரும் பாக்கலைன்னா அது எதுக்கு ஐயா? பந்தின்னா நாலு பேரு இருக்கணும்லா” என்றாள் அம்மா. அவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். விழுந்த மைனியைத் தூக்க வடத்தைப் பிடித்தேன். பிறகு இழுத்தேன். இழுத்தது எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகத் திருவிருந்து இல்லை என்றார்கள், சரி என்று இருந்தேன். எனக்கு அதுவும் வேண்டும். அலுவலக நடையில் எனக்குத் தெரிந்த அத்தனை மேற்படியான்களையும் பார்வைகளையும் விட்டுவிட்டு, அவள் சொன்னதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓய்வெடுத்துக்கொண்டாள்.

சபை மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. நினைவூட்டு ஒன்று. அதற்கும் இல்லை. இரண்டாவது நினைவூட்டுக்குப் பிறகு அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் வந்தார்.

“மேடம், பழைய கோப்பெல்லாம் பாத்துட்டோம். தடை விதிச்சதா ரெக்கார்டே இல்லை. ரெக்கார்டு இல்லைன்னா தடையே இல்லைன்னுதானே அர்த்தம்?”

“தம்பி, ரெக்கார்டு எங்க வீட்டுல கட்டில்ல உக்காந்திருக்கு. பேசுதீங்களா?”

கொடுத்தேன். அம்மா போனைக் காதில் வைத்து, அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “இல்லைன்னு சொல்லாதிய ஐயா. நான் உக்காந்திருந்தேன்” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். “எழுதிப் போடுதோம் மேடம்” என்றார்.

தை போயிற்று. மாசியில் தவக்காலம் வந்தது. அம்மாவுக்கு ஒரு முறை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பினோம். திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “தபால் வந்துச்சா?”

வந்தபோது காலை. அவளே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உறையை வாங்கினாள். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, அந்த இடத்தில் விரலை வைத்து என்னிடம் காட்டினாள். “பிடிச்சதுன்னு போட்டிருக்காவளா, இழுத்ததுன்னு போட்டிருக்காவளா?”

இழுத்ததற்காக விதிக்கப்பட்டிருந்த விலக்கம் என்றுதான் போட்டிருந்தது. அது நீக்கப்பட்டது என்றும், கடிதம் வந்து சேர்ந்த அதே நாள் மாலை ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபை ஆராதனையில் பெயர் சொல்லி வாசிக்கப்படும் என்றும்.

அம்மா சரி என்று தலையாட்டினாள். “காருக்குச் சொல்லு” என்றாள். “ரெண்டு ஆளையும் வரச் சொல்லு.”

கடிதத்தின் தலையில் போட்டிருந்த தேதி மட்டும் மூன்று வாரம் பழையது. யாரோ ஒருவர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்திருக்கும். அது எங்கள் கைக்கு வந்து சேர்ந்த நாள், இயேசு தம் சீடர்களோடு கடைசியாகப் பந்தியில் உட்கார்ந்த பெரிய வியாழக்கிழமை.